ஆய்வாளனும் உரைபெயர்ப்பாளரும்: அங்கேரிய, ஒல்லாந்த மொழிகள் வழி ஒரு விளக்கம்

சமூகவியல் ஆராய்ச்சி மக்களின் வாய்மொழியை ஆதாரமாகக் கொள்வது. வினவுவோனும் விடையிறுப்போனும் ஒரு மொழியினர் அல்லாதவிடத்து, ஆய்வின் உண்மை மூன்றாமவர் ஒருவரின் நாவிலே தங்கிவிடுகின்றது. அவரே உரைபெயர்ப்பாளர். எழுத்தைப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கு அகராதியைப் புரட்ட அவகாசம் உண்டு; பேச்சைப் பெயர்ப்பவர்க்கோ அஃது இல்லை.

அங்கேரி 2004 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. 2007 மே முதலாக அந்நாட்டார் நெதர்லாந்திலே தனி அனுமதியின்றித் தொழில் புரியலாயினர். அத்தொழிலாளரின் வாழ்க்கையை ஆராயப் புகும் ஒல்லாந்த ஆய்வாளன் ஒருவனுக்கு எத்தகைய உரைபெயர்ப்பாளர் வேண்டும்?

ஒல்லாந்த மொழி செருமானிய இனத்தது. அங்கேரிய மொழியோ பின்னிய-உக்கிரிய இனத்தது. பின்னையது தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என நாம் வேறுபடுத்துமாறே அங்கேரியரும் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்துவர். ஒல்லாந்த மொழியில் உடன்பிறந்தான், உடன்பிறந்தாள் என்னும் இரண்டே வழங்கும். மறுதலையாக, ஒல்லாந்த மொழியில் உள்ள அவன், அவள் என்னும் பால் வேறுபாடு அங்கேரியத்தில் இல்லை. ‘ஓ’ என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் அமையும். தொழிலாளி ஒருத்தி, தன் கூலியைப் பிடித்துக்கொண்ட மேற்பார்வையாளரை ‘ஓ’ என்று சுட்டினால், ஆணோ பெண்ணோ என வினவித் தெளிதல் வேண்டும். ஊகித்துரைப்பின் பழி வேறொருவர்மேற் சென்று சாரும்.

கலைச்சொற்களின் இடர்ப்பாடு இதனினும் நுண்ணியது. ஒல்லாந்தர் ‘நாசியோனாலிதெய்த்’ என்பது குடியுரிமையை. அதற்கு நேரெனத் தோன்றும் ‘நெம்செதிஷேக்’ என்னும் அங்கேரியச் சொல் பெரும்பாலும் இனத்தையே குறிக்கும். அங்கேரியக் குடியுரிமையுடைய செருமானிய இனத்தவர் ஒருவர் இவ்விரு வினாக்களுக்கும் இருவேறு விடை கூறுவர். ‘கிம்னாசியம்’ என்பதும் அத்தகையதே: அங்கேரியில் அது பொதுக் கல்வி தரும் இடைநிலைப் பள்ளி, நெதர்லாந்திலோ இலத்தீன், கிரேக்கம் ஆகிய செம்மொழிக் கல்வியோடு கூடியது. இவற்றை மயக்கினால் அட்டவணை முழுதும் பிழைபடும்.

இனி, இத்தகையோரை எங்ஙனம் தேடுவது? நெதர்லாந்தில் 2009 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சத்தியப்பிரமாணஞ் செய்த உரைபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் அரசாங்கப் பதிவேடு ஒன்றுண்டு. யாவரும் அதில் மொழிவாரியாகத் தேடலாம். புடாபெத்து நகரப் பல்கலைக்கழகங்களில் ஒல்லாந்த மொழித்துறைகளும் உள. எனினும் நீதிமன்றப் பயிற்சி ஒன்றே சமூகவியற்குப் போதாது. ஆதலின் வினாக்கொத்தையும் கலைச்சொற் பட்டியலையும் முன்னரே கொடுத்து, ஒத்திகை ஒன்று நடத்திப் பார்த்தல் நன்று.

நேரே பெயர்ப்போர் கிடையாவிடின் ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொள்வாருமுளர். அதனாலும் இழப்புண்டு. நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடு அங்கேரியத்திலும் உண்டு, ஒல்லாந்தத்திலும் உண்டு. இடைநின்ற ஆங்கிலத்தில் அது மறைந்துபோம். தொழிலாளியை முதலாளி எவ்வாறு விளித்தான் என்பது சமூகவியலாளனுக்குச் சிறுசெய்தி அன்று.

உறவினரை உரைபெயர்க்க வைத்தலும் தகாது. கணவன் பெயர்க்க மனைவி தன் துயரை முற்றும் உரையாள். உரைபெயர்ப்பாளர் கூட்டாமலும் குறைக்காமலும், பேசுவோர் ‘நான்’ என்றால் தாமும் ‘நான்’ என்றே பெயர்த்தல் முறை. கேட்டதை வெளியிடாமை அவர்தம் கடன். உரையாடலை இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்து, அதன் ஒரு பகுதியை அம்மொழிகள் அறிந்த வேறொருவரைக்கொண்டு ஒப்புநோக்குதல் ஆய்வாளன் கடன். கட்டுரையில் உரைபெயர்ப்பு வழியாகவே செய்தி பெறப்பட்டது எனக் குறித்தலும் அவனுக்கு உரியதே.

தன் மொழி வழங்காத நாட்டிலே தன் குறையைச் சொல்லத் துணிந்தவன், தான் சொன்னதே பதிவாகும் என்று நம்பியே வாய் திறக்கின்றான். அந்நம்பிக்கையைக் காத்தலே உரைபெயர்ப்பாளரைத் தெரிந்தெடுத்தலின் பயன் என்க.