ஊர் திரும்பிய பின்னும் உரிமை உண்டு: பயணிகளை ஏய்க்கும் வழக்கங்களும் சட்டத் தீர்வுகளும்

பயணியை ஏமாற்றுவோர் பெரும்பாலும் ஒரே கணக்கை நம்பித்தான் தொழில் நடத்துகின்றனர்: போகும் தொகை சிறியது, பேருந்து புறப்படப் போகிறது, ஊர் போய்ச் சேர்ந்தவர் இருபது ரூபாய்க்காகவோ இருநூறு ரூபாய்க்காகவோ திரும்பி வந்து வழக்காடப் போவதில்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி அமைந்த கோவில்பட்டி, இந்தக் கணக்கு இரு திசையிலும் செயல்படும் ஊராகும். கழுகுமலையின் வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும், எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லத்தையும், 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றையும் காண வருவோர் இவ்வூர் வழியாகச் செல்கின்றனர். இக்கரிசல் வட்டார மக்களோ திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் சபரிமலைக்கும் இங்கிருந்து கிளம்புகின்றனர். ஏய்ப்போரின் கணக்கைப் பொய்யாக்கும் சட்டங்கள் இன்று நடைமுறையில் இருந்தும், அவை பயணிகள் பலருக்குத் தெரியாமல் இருப்பதே அக்கணக்கு இன்னும் பலிப்பதற்குக் காரணமாகும்.

ஊர்ப்பெயரை விற்கும் மோசடி

கரிசல் மண்ணின் நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் கொண்டு செய்யப்படும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு பொருளின் தரமோ புகழோ அது உருவாகும் நிலப்பகுதியால் அமைவது எனில், அந்தப் பெயரை அப்பகுதியின் தகுதி பெற்ற உற்பத்தியாளர்களே பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு ஆகும். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் இதற்கு அடிப்படை. வேறு ஊரில் கடலைமிட்டாய் செய்து விற்பது குற்றமன்று. அதன் மீது கோவில்பட்டியின் பெயரைப் பொய்யாக அச்சிடுவதே குற்றம். அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அதற்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000-க்குக் குறையாமல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

வாங்குபவர் பொட்டலத்தின் முகப்பைக் காட்டிலும் அதன் பின்புறத்தையே கவனிக்க வேண்டும். உற்பத்தியாளரின் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தயாரித்த காலம், அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு எண், உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கும் 14 இலக்க உரிம எண் ஆகியவை அங்கே அச்சாகியிருக்க வேண்டும். முகப்பில் கொட்டை எழுத்தில் கோவில்பட்டி என்றும், பின்புறம் பொடி எழுத்தில் வேறு மாவட்ட முகவரியும் காணப்பட்டால் அதை ஐயத்தோடு பார்ப்பதே முறை. முகவரியே இல்லாத பொட்டலத்தை வாங்காமல் விடுவது நலம்; ஏனெனில் அதை உண்டு உடல்நலம் கெட்டாலும் யாரைப் பொறுப்பாக்குவது என்பது தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் போன்ற குறியீடு பெற்ற பிற பண்டங்களுக்கும் இதுவே பொருந்தும்.

அச்சிட்ட விலைக்கு மேல்

நெடுந்தொலைவுப் பேருந்து நிற்கும் சாலையோரக் கடையில், பத்து நிமிட அவகாசத்தில் இறங்கும் பயணி தண்ணீர்ப் புட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஏறுவது வழக்கமாகிவிட்டது. பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை வணிகர் விற்கக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் தடுக்கின்றன. குளிர்விப்பதற்கான செலவு என்று கடைக்காரர் சொல்லும் காரணம் இவ்விதியின் முன் செல்லாது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டங்களைத் தொழிலாளர் துறையே நடைமுறைப்படுத்துவதால், மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். இதில் ஒரு விலக்கு உண்டு: உணவகத்தில் அமரவைத்துப் பரிமாறும்போது அது வெறும் விற்பனை அன்று, சேவையும் சேர்ந்தது என்பதால் அச்சிட்ட விலை வரம்பு அங்கே பொருந்தாது என 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கடை முகப்பில் நின்று வாங்குவதும் மேசையில் அமர்ந்து அருந்துவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

பேருந்து நிலையங்களின் கட்டணக் கழிப்பறைகளையும் வாகனக் காப்பகங்களையும் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகள் குத்தகைக்கு விடுகின்றன. அறிவிப்புப் பலகையில் உள்ள தொகைக்கு மேல் கேட்கப்பட்டால், பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, ரசீது கேட்டு, நகராட்சி ஆணையருக்குப் புகார் அனுப்புவது பயன் தரும்.

கைப்பேசி வழியே வரும் வலை

கோயில் விடுதி, வாடகைக் கார், ஹெலிகாப்டர் பயணம் ஆகியவற்றின் பெயரில் போலி இணையதளங்களும் விளம்பரங்களும் யாத்ரிகர்களைக் குறிவைப்பதாக மத்திய அரசின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. இவ்வலைகளின் பொது அடையாளம், விடுதியின் அல்லது நிறுவனத்தின் கணக்குக்குப் பதிலாகத் தனிநபர் ஒருவரின் யுபிஐ கணக்குக்கு முன்பணம் அனுப்பச் சொல்வதாகும். அறை இல்லை என்று கூறி, பணத்தைத் திருப்பித் தருவதாகக் க்யூஆர் குறியீடு அனுப்பி ரகசிய எண்ணைப் பதியச் சொல்வது இரண்டாம் படி. யுபிஐ ரகசிய எண் பணத்தைச் செலுத்தத் தேவைப்படும், பெறுவதற்குத் தேவையே இல்லை.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும். மோசடிக் கணக்கிலிருந்து பணம் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து செல்லும் முன் அதை முடக்குவதே இச்சேவையின் நோக்கம் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி வெளியாரால் நேர்ந்த முறைகேடான பரிவர்த்தனையை 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை விதித்தது. ஆனால் ரகசிய எண்ணையோ ஓடிபியையோ தாமே பகிர்ந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க நேரும்.

தீபாவளி, பொங்கல் காலங்களில் உறுதியான ரயில் டிக்கெட் எடுத்துத் தருவதாகக் கூடுதல் பணம் கேட்கும் அனுமதியற்ற தரகர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். அனுமதியின்றி டிக்கெட் வணிகம் செய்வோருக்கு 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 143-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. பிறர் பெயரிலுள்ள டிக்கெட்டில் பயணிப்பவரும் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். ரயில் தொடர்பான புகார்களுக்கு 139 என்ற எண் உள்ளது.

சொந்த ஊரிலேயே தீர்வு

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் வாங்கிய ஊரில் மட்டுமன்றி, புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலும் வழக்குத் தொடுக்க 34-ஆம் பிரிவில் வழி செய்துள்ளது. குற்றாலத்திலோ கொடைக்கானலிலோ ஏமாற்றப்பட்ட கோவில்பட்டிக்காரர் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கோவில்பட்டியில் ஏமாற்றப்பட்ட சென்னைவாசி சென்னையிலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, கால வரம்பு 2 ஆண்டுகள். வழக்குக்கு முன் சமரசம் தேட விரும்புவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே முறையிடலாம்.

ஏமாற்றியது குற்றவியல் மோசடியாக இருப்பின், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு விதிக்கிறது. வஞ்சித்துப் பொருள் பறித்தலுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது.

இவ்வுரிமைகள் எல்லாம் சான்றின்றிப் பயன்படா. ஆகவே பில், பயணச்சீட்டு, பொட்டலத்தின் உறை, பணம் செலுத்திய குறுஞ்செய்தி, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஆகியவற்றைப் பயணம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்காவது பாதுகாத்து வைப்பதையும், தொகை சிறிதென்று விட்டுவிடாமல் புகார் அளிப்பதையும் ஒவ்வொரு பயணியும் கடமையாகக் கொள்ள வேண்டும்.