நாலு பேர் பார்த்தா என்ன ஆகும்?

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கீங்களா? போகலைன்னா இதைப் படிச்சுட்டுப் போங்க. போயிட்டு வந்தவங்களா இருந்தா உண்மையைச் சொல்லுங்க... ராஜகிரி உச்சியில, ஓரத்து மதில் மேல ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்களா?

நான் எடுத்துக்கிட்டேன். போட்டோவுல ஜாலியா சிரிச்சுக்கிட்டுதான் இருப்பேன். அடுத்த செகண்ட் நடந்தது அதுல இல்லை. செருப்பு வழுக்கி, மதிலோட உள்பக்கமா விழுந்தேன். முழங்கையில தோல் உரிஞ்சதோட போச்சு. வெளிப்பக்கமா விழுந்திருந்தா, இந்தப் பக்கத்துல என்னைப் பத்தி வேற யாராவது எழுதியிருப்பாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, எனக்கு உயரம்னாலே உதறல். ஹாஸ்டல் மொட்டை மாடியில துணி காயப் போடும்போதுகூட ஓரத்துக்குப் போக மாட்டேன். அப்படிப்பட்டவனை 800 அடி மலை உச்சியில மதில் மேல ஏத்தினது யாரு? கூட வந்த நாலு ஃப்ரெண்ட்ஸ். யாரும் தள்ளலை, கட்டாயப்படுத்தலை. ஒருத்தன் மட்டும், “உன்னால முடியாதுடா மாப்ளே”ன்னான். அவ்வளவுதான்!

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி அதே செட் செஞ்சிக்குப் போனோம். இந்தத் தடவை கூட ஒருத்தர் எக்ஸ்ட்ரா. என் பெரியப்பா பையன், 28 வயசு அண்ணன். அவர் அட்வைஸ் எதுவும் பண்ணலை. மேல போனதும் நிழல் பார்த்து உட்கார்ந்து தண்ணி குடிச்சார். ஆனா, எங்கள்ல ஒருத்தன்கூட மதில் பக்கம் போகலை. ஏறணும்னு தோணவே இல்லை!

அதே மதில். அதே அஞ்சு பேர். என்ன மாறிச்சு? மண்டைக்குள்ள குடைச்சல் ஆரம்பிச்சுது. லைப்ரரியிலயும் நெட்லயும் தேட ஆரம்பிச்சேன். கிடைச்சது எல்லாமே மண்டைக்குள்ள நடக்கிற சமாச்சாரம்தான்!

22 வயசு ராஜா

முதல்ல, செஞ்சியோட ஹீரோவைப் பார்த்துடலாம். ராஜா தேசிங்கு. இயற்பெயர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங் இறந்ததும், வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்து செஞ்சிக்கு ராஜாவானவர். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அவரை ராஜாவாக ஏற்க மறுத்தார். ‘பாக்கிக் கப்பத்தைக் கட்டு’ என்றார். தேசிங்கு மசியவில்லை. சில நூறு வீரர்களோடு நவாபின் பெரும் படைமீது பாய்ந்தார். 1714 அக்டோபரில் போர்க்களத்திலேயே இறந்தார். ஒரு வருஷம்கூட முழுசா ஆளலை. அப்போ அவருக்கு வயசு 22!

கல்யாண மேடையிலிருந்து நண்பன் மோவுத்துக்கான் தேசிங்குக்காக ஓடி வந்த கதையைக் கதைப்பாட்டாக இந்த ஊர்ப் பக்கம் இன்னமும் சொல்றாங்க. 1960-ல் எம்.ஜி.ஆர். நடிச்சு படமாவும் வந்துச்சு. சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டப்போ எனக்குப் புல்லரிச்சுது. இப்போ, எனக்கே 20 வயசு ஆனப்புறம் கேட்டா ஒரு சந்தேகம் வருது. தேசிங்குக்கு 42 வயசா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்?

மண்டையைத் துளைச்ச கம்பி

நம்ம குணத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டுன்னு உலகத்தை யோசிக்க வெச்சவர், இன்னொரு இளைஞர். பேர் ஃபினியஸ் கேஜ். அமெரிக்காவுல ரயில் பாதை போடுற வேலையில ஃபோர்மேன். 1848 செப்டம்பர் 13-ம் தேதி, பாறைக்கு வெடிமருந்து கெட்டிக்கும்போது அது வெடிச்சு, மூணரை அடி நீளத்துக்கும் மேலான இரும்புக் கம்பி ஒண்ணு அவர் இடது கன்னத்துல நுழைஞ்சு உச்சந்தலை வழியா வெளியே போயிடுச்சு. அப்போ அவருக்கு 25 வயசு.

ஆள் பிழைச்சுட்டார்! பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் இருந்துச்சு. ஆனா, பொறுப்பான ஃபோர்மேனா இருந்தவர், எடுத்தெறிஞ்சு பேசுற, போட்ட திட்டத்துல நிக்காத ஆளா மாறிட்டார்னு அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதி வெச்சார். கம்பி சிதைச்சது நெற்றிக்குப் பின்னாடி இருக்கிற முன்மூளையை. ‘கொஞ்சம் பொறு, யோசி’ன்னு சொல்ற வேலையில அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டுன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் காட்டுச்சு.

ரிலே லேட்டு!

நம்ம முன்மூளையில எந்தக் கம்பியும் பாயலையே, அப்புறம் ஏன் மதில் மேல ஏறுறோம்?

நான் ட்ரிபிள்-ஈ ஸ்டூடன்ட். அதனால கரன்ட் பாஷையிலயே சொல்றேன். மூளையில சிக்னல் வேகமா ஓடணும்னா, நரம்பு இழைகளுக்கு மேல மயலின்ங்கிற கொழுப்பு உறை ஏறணும். வயருக்கு இன்சுலேஷன் மாதிரி. 1990-கள்ல இருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலமா பிள்ளைங்க மூளையை வருஷக்கணக்கா படம் எடுத்துப் பார்த்தப்போ, மூளையோட எல்லாப் பகுதியும் ஒரே நேரத்துல முதிர்ச்சி அடையறதில்லைன்னு தெரிஞ்சுது. கடைசியா வேலை முடியற இடங்கள்ல ஒண்ணு... அதே முன்மூளை! இருபதுகள்லயும் அங்கே வேலை நடக்குது.

ஆனா, ‘ஆஹா, சூப்பர்!’னு துள்ளுற பகுதி டீன் ஏஜ்லயே முழு வேகத்துக்கு வந்துடுது. சப்-ஸ்டேஷன்ல ரிலே செட்டிங் முடியறதுக்கு முன்னாடியே ஃபுல் லோடு ஏத்தின மாதிரி! லைன் ஓடும். ஓவர்லோடு ஆனாத்தான் பிரச்னை.

ஒரு விஷயம்: 25-வது பிறந்த நாள் அன்னிக்கு மூளைக்குள்ள மணி அடிச்சு, ‘ரெடி’ன்னு போர்டு மாட்டுறதில்லை. அது கொஞ்சம் கொஞ்சமா நடக்கிற வேலை. ஆளுக்கு ஆள் மாறும்.

எலிக்கும் மாமன் மச்சான் உண்டு

சரி, லோடு ஏத்துறது யாரு? 2005-ல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற கேம். மஞ்சள் விளக்கு எரிஞ்சதும் எப்போ வேணும்னாலும் குறுக்கே சுவர் வரலாம். எவ்வளவு தூரம் ஓட்டுறீங்களோ அவ்வளவு பாயின்ட். மோதினா அவுட். 13-16, 18-22, 24-க்கு மேலன்னு மூணு செட். சிலர் தனியா ஆடினாங்க, சிலர் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி.

ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல இருந்தப்போ, ரொம்பச் சின்னவங்க ரொம்ப அதிகமா ரிஸ்க் எடுத்தாங்க. 18-22 செட்டும் கூடுதலா எடுத்துச்சு. 24-ஐத் தாண்டினவங்ககிட்ட பெரிய வித்தியாசமே இல்லை!

2011-ல் இதே குழு, டீன் ஏஜ் பசங்களை ஸ்கேனருக்குள்ள படுக்க வெச்சு கேம் ஆட வெச்சாங்க. ஃப்ரெண்ட்ஸ் இருந்தது வேற அறையில. ‘அவங்க பார்த்துட்டிருக்காங்க’ன்னு தெரிஞ்சதுமே, சந்தோஷத்தை எதிர்பார்த்துத் துள்ளுற பகுதி கூடுதலா வேலை செஞ்சுது. ‘ஏறுடா’ன்னு யாரும் சொல்லக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும்!

இது நம்ம கலாசாரக் கோளாறோன்னு நினைக்காதீங்க. 2014-ல் இதை எலிகள்கிட்டயும் பார்த்தாங்க. இளம் எலிகள் தனியா இருந்ததைவிட, கூட்டாளிகளோட இருந்தப்போ அதிகமா சாராயம் குடிச்சுதுங்க. வளர்ந்த எலிகள்கிட்ட அந்த வித்தியாசம் தெரியலை. எலிக்கு ஏது பார்ட்டி கல்சர்?

நம்ம வீட்டுப் பெரியவங்க எதுக்கெடுத்தாலும், “நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க?”ன்னு நம்மை அடக்குவாங்க. அவங்க வயசுல அந்த நாலு பேர் பிரேக். நம்ம வயசுல அதே நாலு பேர் ஆக்ஸிலரேட்டர்!

அந்த ஒரு அண்ணன்

இப்போ என் புதிருக்கு வர்றேன். 2016-ல் வந்த ஆய்வு ஒண்ணு. இதுல 18-22 வயசுப் பசங்க. ஒரே வயசுப் பசங்களா கூட்டமா இருந்தப்போ, வழக்கம்போல ரிஸ்க் ஏறிச்சு. அந்தக் கூட்டத்துல 25-30 வயசுள்ள ஒரே ஒருத்தரைச் சேர்த்தாங்க. அவ்வளவுதான், தனியா இருக்கிறப்போ எந்த அளவுக்கு நிதானமோ, அந்த அளவுக்கு இறங்கி வந்துடுச்சு!

படிச்சதும், நிழல்ல உட்கார்ந்து தண்ணி குடிச்ச எங்க அண்ணன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

மதிலைக்கூட விடுங்க, அது என்னிக்கோ ஒருநாள் டூர். தினமும் நாம போற ரோடு? செஞ்சி வழியா போற திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில, சாயங்காலம் காலேஜ் விடுற நேரத்துல நில்லுங்க. ஒரே பைக்ல மூணு பேர், ஹெல்மெட் டேங்க் மேல! 2022-ல் மட்டும் ஹெல்மெட் போடாம இந்தியச் சாலைகள்ல உயிரை விட்டவங்க 50,029 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கு சொல்லுது. அதுல 14,337 பேர் பின் சீட்டுக்காரங்க. எல்லா வயசும் இதுல அடக்கம். ஆனா, நம்ம செட்டுக்கு அதுல பங்கே இல்லைன்னு நம்மால சொல்ல முடியுமா?

அப்போ எல்லாத்துக்கும் மூளைதான் காரணமா?

‘என் முன்மூளை இன்னும் ரெடியாகலை சார்’னு ட்ராஃபிக் போலீஸ்கிட்ட சொல்லித் தப்பிச்சுடலாம்னு பார்க்காதீங்க! தேசிங்கு விஷயத்தையே எடுத்துக்கங்க. மானம், அரசியல், அப்பா விட்டுட்டுப் போன உரிமை... இவ்வளவும் அந்தப் போருக்குள்ள இருக்கு. அவர் மூளையை யாரும் ஸ்கேன் எடுக்கலை. 22 வயசுங்கிறது அதுல ஒரு இழைதான். 20 வயசுல நிதானமா இருக்கிறவங்களும் உண்டு. 50 வயசுல சிக்னலைத் தாண்டுறவங்களும் உண்டு.

ஃபினியஸ் கேஜ் கதையிலயும் பலரும் சொல்லாம விட்ட பாதி ஒண்ணு இருக்கு. அவர் பின்னாடி சிலி நாட்டுக்குப் போய், பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைச்சார். நிதானம் இல்லாத ஆளால செய்யக்கூடிய வேலையா அது? அடிபட்ட மூளையே அந்த அளவுக்கு மீண்டு வர முடியும்னா, நல்லா இருக்கிற நம்ம மூளைக்கு என்ன குறை?

அந்தத் துள்ளலை மொத்தமா குறை சொல்லவும் முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில இடுப்பளவு தண்ணியில சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கிட்டுப் போனதும் நம்ம வயசுக் கூட்டம்தானே? ‘வாடா மச்சி’ன்னு ஒருத்தன் கூப்பிட்டதும்தானே மத்தவன் இறங்கினான்?

அதனால, மூளையோட சண்டை போட வேணாம். கூட்டத்துல கொஞ்சம் மாத்திப் பார்க்கலாம். மலையேறப் போறீங்களா? ஒரு அண்ணனையோ அக்காவையோ கூட்டிக்கங்க. பைக்கை எடுக்கறதுக்கு முன்னாடியே, தனியா இருக்கும்போதே ஹெல்மெட்டைத் தலையில மாட்டிடுங்க; நாலு பேர் வந்தப்புறம் முடிவு பண்ணலாம்னு விடாதீங்க. அதைவிட முக்கியம், அந்த நாலு பேர்ல ஒருத்தரா நீங்க இருக்கும்போது, ‘உன்னால முடியாதுடா’ன்னு சொல்லாதீங்க. அதுவரைக்கும் ஒருத்தன் தரையிலதான் நின்னுட்டிருப்பான்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னமாயிடுச்சு. மராத்தியர்களோட 12 கோட்டைகள் கொண்ட அந்தப் பட்டியல்ல, தமிழ்நாட்டுல இருந்து இது ஒண்ணுதான். கண்டிப்பா போங்க. போட்டோவும் எடுங்க.

என் முழங்கையைப் பார்த்துட்டு அம்மா கேட்ட கேள்வி, “புத்தி எங்கடா போச்சு?” அன்னிக்குப் பதில் தெரியலை. இப்போ தெரியும். புத்தி எங்கயும் போகலைம்மா... வந்துக்கிட்டே இருக்கு. அது வந்து சேர்ற வரைக்கும் மதில் மேல ஏறாம இருக்கேன்!