வீட்டுக் கணக்கு - 9: பத்திரத்தில் யார் பெயர்?

ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை தெரியாதவர் இல்லை. வீடு தாத்தா கட்டியது. மனை கோயிலுடையது என்ற வழக்கு வந்ததும் விற்கவும் முடியாமல், அடமானம் வைக்கவும் முடியாமல் தவித்த குடும்பங்கள் அங்கே நிறைய. அதே ஊரில் பல பெண்களுக்கு இந்தத் தவிப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அம்மா மண்டபம் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு அக்கா, பள்ளி ஆசிரியை. பிளாட் கணவர் பெயரில். மாதத் தவணை அவர் சம்பளத்தில். பால், மளிகை, கேஸ், ஸ்கூல் ஃபீஸ், மாமியாரின் சுகர் மாத்திரை எல்லாம் அக்கா சம்பளத்தில். முன்பணத்துக்காக அடகுக்குப் போன வளையல்களும் அக்காவுடையவைதான். “அவர் லோன் கட்டறார், நான் குடும்பத்தை ஓட்டறேன். சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டார்.

சரியாக இல்லை அக்கா. அவர் கட்டிய பணம் வீடாக நிற்கிறது. நீங்கள் போட்ட பணம் அந்தந்த மாதமே கரைந்துவிட்டது. நீங்கள் மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்ததால்தான் அவரால் தவணை தவறாமல் கட்ட முடிந்தது.

கோவாவில், திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொது. போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டம் அது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது, பங்கைத் தரவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர் காலமானால் பிள்ளைகளோடும் மாமியாரோடும் மனைவிக்கும் பங்கு உண்டு. ஆனால் சுயசம்பாத்தியச் சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம்.

இந்த நிலையில்தான் 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு எனக்குப் பெரிய ஆறுதல். கணவர் பல வருடம் சவூதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் மனைவி இங்கே சொத்து வாங்கியிருந்தார். ஊர் திரும்பிய கணவர், எல்லாம் என் காசு என்று வழக்குப் போட்டார். நேரம் காலம் பார்க்காமல் வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அதுவும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான் என்றார் நீதிபதி. அப்படிச் சேர்ந்த சொத்தில் மனைவிக்குச் சரிபாதி என்று தீர்ப்பானது. வளைகுடாவுக்கு விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பும் திருச்சிப் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனாலும் ஒரு தீர்ப்பை நம்பி வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். வாங்கும்போதே இருவர் பெயரிலும் கிரயம் செய்யுங்கள். லோனில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் இருப்பதுதான் மிக மோசம்: கடன் உங்கள் தலையிலும் இருக்கும், தவணை கட்டினாலும் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கேட்க முடியாது. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், கணவர் தன் பாகத்தில் பாதியை மனைவிக்குத் தான செட்டில்மெண்ட்டாக எழுதிவைக்கலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை கிரயத்தைவிட மிகக் குறைவு. லோன் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் வங்கியிடம் சம்மதம் வாங்க வேண்டும்.

அதுவரை, அடகுச் சீட்டு, ஃபீஸ் ரசீது, பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுச் செலவைக் கையில் காசாகக் கொடுக்காமல் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்.

(அடுத்த வாரம்: மாமனார் மனையில் மருமகன் கட்டும் மாடி)