நினைவகத்தை விரட்டலாமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவை நெய்யும் தறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் அங்கே ஓடுகின்றன. ஒரு கரையின் நாடாவை உதவியாளர் கவனித்துக்கொள்கிறார். அவர் நாடாவைத் தள்ளி முடிப்பதற்குள் நெசவாளர் அவசரப்பட்டு ஊடையை அடித்துவிட்டால், கரையும் உடலும் கோத்துக்கொள்ளா. தறியின் வேகத்தை நிர்ணயிப்பது அடிக்கும் கை அன்று. கடைசியாக முடியும் வேலைதான்.

கணிப்பொறியின் நினைவகத்துக்கும் இதே விதிதான். "நினைவகத்தை அதற்கென்று குறித்த வேகத்துக்கு மேலும் ஓட்டலாமாமே, ஐயா?" என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர். ஓட்டலாம் என்பது உண்மையே. எதைக் கொடுத்து அந்த வேகத்தை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

நினைவகச் சில்லுக்குள் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் மிகச் சிறிய ஒரு மின்தேக்கியும் உள்ளன. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்ட அமைப்பு இது. 1968-இல் காப்புரிமை பெற்றது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 'ஒன்று', இல்லாவிட்டால் 'சுழி'. மின்னூட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள், அவ்வளவே.

இதைப் படிப்பது எளிதன்று. பல மின்தேக்கிகளுக்குப் பொதுவான ஒரு நீண்ட கம்பியை முதலில் பாதி மின்னழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு டிரான்சிஸ்டர் என்னும் கதவு திறக்கிறது. மின்தேக்கியின் மின்னூட்டம் கம்பியில் பரவுகிறது. ஒரு செம்பு நீரை அண்டாவில் ஊற்றிவிட்டு, மட்டம் உயர்ந்ததா என்று பார்ப்பதைப் போன்ற வேலை இது! கம்பியின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோதான் மாறும். அந்தச் சிறு மாற்றத்தை 'உணர் பெருக்கி' என்னும் சுற்று கண்டுகொண்டு, முழு ஒன்றாகவோ முழுச் சுழியாகவோ இழுத்து நிறுத்த வேண்டும். படித்ததில் மின்தேக்கி வெறுமையாகிவிட்டதால், எடுத்ததைத் திரும்பவும் அதில் நிரப்ப வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும் அல்லவா?

எவ்வளவு நேரம்? டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்று குறித்த நினைவகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் துடிப்பு விநாடிக்கு 160 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவு செல்வதால்தான் 3200 என்கிறார்கள். ஒரு துடிப்பு 0.625 நானோ விநாடி. ஒரு வரிசையின் கதவைத் திறந்தபின், தர விதிப்படி, சுமார் 22 துடிப்புகள் காத்திருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 13.75 நானோ விநாடி. மெதுவான 2133 வகையில் 15 துடிப்புகள் போதும். ஆனால் அங்கே ஒரு துடிப்பு 0.9375 நானோ விநாடி. பெருக்கினால் 14.06! எண்கள் மாறினாலும் மின்தேக்கி கேட்கும் நேரம் ஏறக்குறைய அதேதான். துடிப்பை எவ்வளவு விரைவாக்கினாலும் சில்லின் இயற்பியல் அசைந்து கொடுப்பதில்லை.

இப்போது ஒருவர் 3200-ஐ 3600-ஆக உயர்த்தி, 22 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். உணர் பெருக்கிக்குக் கிடைக்கும் நேரம் 12.2 நானோ விநாடியாகச் சுருங்குகிறது. பழைய நேரத்தைத் திருப்பித் தர வேண்டுமானால் எண்ணை 25-ஆக உயர்த்த வேண்டும்.

அப்படியானால் மிகைவேகம் எப்படிச் சாத்தியமாகிறது? ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த எண்கள், விற்பனைக்கு வரும் மிக மோசமான சில்லுக்கும், மிகுந்த வெப்பத்திலும், குறைந்த மின்னழுத்தத்திலும் பொருந்தியாக வேண்டும். உங்கள் கையில் இருப்பது நல்ல சில்லாக இருந்தால் இடையில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த மிச்சத்தைத்தான் நாம் செலவழிக்கிறோம். 2007-இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்னும் முறையும் இதுவே; தயாரிப்பாளர் தாமே சோதித்த மிகைவேக எண்களைப் பலகையிலேயே பதித்துத் தருகிறார்.

மிச்சம் போதாவிட்டால் மின்னழுத்தத்தை உயர்த்துவது வழக்கம். டி.டி.ஆர்.4-க்கு விதித்தது 1.2 வோல்ட்; மிகைவேகத்துக்குப் பெரும்பாலும் 1.35 வைக்கிறார்கள். திறன் செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கும் துடிப்புக்கும் ஏற்ப உயரும். 3600 வேகமும் 1.35 வோல்ட்டும் சேர்ந்தால், சுற்று மாறி மாறி இயங்குவதால் ஆகும் திறன் சுமார் 40 சதவீதம் கூடுகிறது. அவ்வளவும் வெப்பம்.

வெப்பம்தான் இங்கே உண்மையான எதிரி. மின்தேக்கி ஓர் ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். சில்லின் வெப்பநிலை 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இதை இருமடங்கு அடிக்கடி செய்ய வேண்டும் என்பது விதி. இந்த நிரப்பும் வேலை நேரத்தைத் தின்கிறதென்று சிலர் அதன் இடைவெளியை நீட்டிவிடுகிறார்கள். மார்கழி இரவில் எல்லாம் சரியாக ஓடும். கத்திரி வெயிலில் காஞ்சிபுரத்துச் சிறு அறையொன்றில், பகல் இரண்டு மணிக்கு, அதே கணிப்பொறி பிழை செய்யும்.

பிழை செய்தால் கணிப்பொறி நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நின்றுவிட்டால் நல்லது! பெரும்பாலும் ஒரே ஒரு பிட் புரளும், யாருக்கும் தெரியாது. புடவை டிசைன் வரையும் கணிப்பொறியில் அப்படி நேர்ந்தால், ஜக்கார்டு அட்டையில் வேண்டாத இடத்தில் ஒரு துளை விழும். பூ திரும்ப வரும் இடமெல்லாம் அந்த இழை தவறாகத் தூக்கும். நெசவாளரின் கண்ணில் அது உடனே பட்டுவிடும் என்பது வேறு. கணக்கு ஏட்டில் புரளும் பிட்டைப் பார்க்க அப்படி ஒரு கண் இல்லை. 64 பிட்டுகளுக்கு 8 சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்துப் பிழை திருத்தும் நினைவகங்கள் உண்டு. 1950-இல் ரிச்சர்டு ஹாமிங் வெளியிட்ட முறையின் வழிவந்தவை. வீட்டுக் கணிப்பொறிகளில் அவை அரிது. டி.டி.ஆர்.5 சில்லுகள் தமக்குள்ளேயே ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனால் கம்பியில் செல்லும்போது நேரும் பிழை அதில் அகப்படாது. 3200 வேகத்தில் ஒரு பிட் கம்பியில் இருக்கும் நேரம் 0.31 நானோ விநாடி. அதற்குள் ஒளியே 9 சென்டிமீட்டர்தான் போகும். மின்சுற்றுப் பலகையில் குறிகை அதில் ஏறத்தாழப் பாதி. இணைப்புகளில் பட்டு எதிரொலிக்கும் முந்தைய பிட் அடுத்ததன்மேல் வந்து விழ இது போதும். நான்கு நினைவகப் பலகைகள் செருகிய கணிப்பொறி இரண்டு செருகியதைவிட மெதுவாக ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

விளையாட்டுக்கான கணிப்பொறியில் முயன்று பார்ப்பதில் தவறில்லை. பிறருடைய வேலை இருக்கும் கணிப்பொறியில் நான் செய்யமாட்டேன். முயல்பவர்கள் முதலில் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். வேகம், காத்திருப்பு எண், மின்னழுத்தம் ஆகியவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலைத் தனியே ஓட்டுங்கள். பிழையுள்ள நினைவகத்தோடு விண்டோஸைத் தொடங்கினால் வட்டில் உள்ள கோப்புகளும் கெடலாம். ஓர் இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் வராமலிருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். பிறகு வெயில் உச்சியில், அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.