வீதியோரத்தில் ஓவியச் சந்தை

கொழும்பில் ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீதியே ஓவியக் கூடமாகிவிடுகிறது. அதுதான் ‘கலா பொல’.

ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய இந்தத் திறந்தவெளிச் சந்தை, விகாரமகாதேவி பூங்காவை அண்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் கூடும். கொழும்பில் பிறந்த தமிழ்க் கலை வரலாற்றறிஞரின் பெயர் தாங்கிய வீதி இது! மன்றத்தின் பெயருக்குரிய கீற், ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பின் முன்னணி ஓவியர்.

தீவின் பல மாவட்டங்களிலிருந்தும் ஓவியர்களும் சிற்பிகளும் வருகிறார்கள். கலைக்கூடங்களில் இடம் கிடைக்காத இளையவர்களுக்கு இது அருமையான வாய்ப்பு. வரைந்தவரே பக்கத்தில் நிற்பார். படத்தின் கதையைக் கேட்கலாம், விலையையும் அவரிடமே பேசலாம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை நேயர்களே, அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.