கான்கிரீட்டுக்குக் குடிநீர் வேண்டுமா?

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை பொய்த்துச் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அந்நாட்களில் எம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து புட்டிகளில் தண்ணீர் கொண்டு வந்தனர். அருகில் நடந்த கட்டட வேலையைப் பார்த்த மாணவன் ஒருவன், "ஐயா, சிமிந்தி குழைக்கவும் குடிக்கிற தண்ணீர்தான் வேண்டுமா?" என்று கேட்டான். வினா சிறிது, விடை சிறிதன்று.

ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 லிட்டர் நீர் செலவாகும். கான்கிரீட் வெறுமனே காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுவர், அது பிழை. நீரும் சிமிந்தியும் வேதியியல் முறையில் கூடிப் புதுப்பொருள்கள் உண்டாவதாலேயே அது இறுகுகிறது. ஆகவே நீரில் கலந்துள்ள மாசுகளும் கட்டடத்தினுள் குடிபுகும்.

"குடிக்கத் தக்க நீரே குழைக்கத் தக்க நீர்" என்பது பழைய விதி. அது வசதிக்காக ஏற்பட்டதேயன்றி, இயற்கை நியதியன்று. சர்க்கரை நீரைக் குடிக்கலாம். அதையே சிமிந்தியில் ஊற்றினால் இறுகுவது மிகவும் தாமதப்படும். அதுபோலவே, குடிக்கத் தகாத நீர் அனைத்தும் கான்கிரீட்டுக்கு ஆகாததன்று.

சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீர் கூடவே கூடாது. அதிலுள்ள கரிமப் பொருள்கள் இறுகுதலைக் கெடுக்கும். நுண்ணுயிர்கள் அப்பொருள்களை உண்ணச் செய்து, கசடைப் படியவிட்டு, வடிகட்டிய நீரையே இதற்குக் கருதுதல் வேண்டும்.

அந்த நீர் தக்கதா என்று அறிவது எங்ஙனம்? ஒரே அளவில் சிமிந்தியும் மணலும் எடுத்து, ஒரு கலவையைத் தூய நீராலும் மற்றொன்றைச் சோதிக்கும் நீராலும் குழைத்து, கட்டிகள் வார்ப்பர். அமெரிக்கத் தர விதியின்படி, 7ஆம் நாளில் இரண்டாவதன் வலிமை முதலாவதில் 90 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட முடிவின்படி, மீட்கப்பட்ட கழிவுநீரால் செய்த கட்டிகளின் வலிமை குறையவில்லை. தொடக்க நாட்களில் சற்று மிகுந்தும் இருந்தது.

ஆயினும் வலிமை ஒன்றையே பார்த்து மகிழ்தல் ஆகாது. நீரில் குளோரைடு உப்பு மிகுந்தால், இன்று உறுதியாக நிற்கும் தூணினுள் இரும்புக்கம்பி மெல்லத் துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஏழாம் நாள் சோதனை இதனைக் காட்டாது. எனவே கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு, நீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது என்பது ஐரோப்பிய விதி. முன்னிறுக்கக் கம்பியுடையதற்கு 500 மட்டுமே.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். கையுறை அணிந்து, இரு தகரக் குவளைகளில் சிமிந்திக் குழம்பை வையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரை சேருங்கள். மறுநாள் பிள்ளைகளே வேற்றுமை காண்பர்.

அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுவே: "குடிநீர் வேண்டியதில்லை, தம்பி, ஆனால் சோதியாத நீரும் கூடாது."