மேரியின் பெயர் மாறியது ஏன்?

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. நெல்லித்தோப்பில் தோழி ஒருத்தியின் வீட்டில், அவள் அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரிலும் அதை அச்சிட்டோம். வந்த தாளைப் பார்த்துத் திகைத்தோம். ஆங்கிலத்தில் அடித்த ‘மேரி’ என்னும் பெயரில் ‘ஆர்’ எழுத்தைக் காணோம். அங்கே ‘எஸ்’ நின்றது. 2 எல்லாம் 3 ஆகியிருந்தன. இடைவெளி விட்ட இடமெல்லாம் ஆச்சரியக்குறி! தட்டச்சு செய்த தோழியைக் கடிந்துகொண்டோம். அவள் அழுதேவிட்டாள்.

குற்றம் அவளுடையதன்று. பிரின்டர் கேபிளின் முனையில் 25 ஊசிகள் உண்டு. அவற்றுள் எட்டு ஊசிகளே எழுத்தைச் சுமப்பவை. கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து என்பது எட்டு இலக்கங்கள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ‘ஆர்’ என்பது 01010010, ‘எஸ்’ என்பது 01010011. கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபாடு. அதைக் கொண்டு செல்லும் இரண்டாம் ஊசி வளைந்து, தொடாமல் இருந்தது. தொடாத கம்பியை அந்தப் பிரின்டர் எப்போதும் 1 என்றே படித்துக்கொண்டது.

எட்டுக் கம்பிகளில் எட்டு இலக்கங்களும் ஒரே நேரத்தில் சென்றால் வேகம் அதிகம் என்றுதானே தோன்றும்? நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். ஆலயத்துக்கு எட்டெட்டுப் பேராகக் கைகோத்து நடக்கலாம், ஓடிப் பாருங்கள்! ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பின்தங்கி அடுத்த வரிசையில் கலந்துவிடுவாள். கம்பிகளுக்குள்ளும் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு. வேகத்தை மிகவும் கூட்டினால், ஊசி வளையாமலே ‘ஆர்’ ‘எஸ்’ ஆகிவிடும்.

ஆகவே ஒரு சிப் நடுவே நிற்கிறது. எட்டு இலக்கங்களையும் ஒருசேர வாங்கி, கடிகாரத் துடிப்புக்கு ஒன்றாக ஒற்றை வரிசையில் அனுப்புகிறது. மறுமுனைச் சிப் மீண்டும் எட்டெட்டாகச் சேர்க்கிறது. 1996 ஜனவரியில் வந்த யு.எஸ்.பி. இம்முறைதான். அதை உருவாக்கிய பொறியாளர்களுள் முதன்மையானவர், வடோதராவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். வீட்டில் பிரின்டரை இணைக்கக் குடும்பத்தார் பட்ட பாடே அவரைத் தூண்டியதாம்! முதலில் நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் இலக்கங்கள். 2000-இல் 48 கோடி.

அந்தப் பெயரில் வரும் ‘பஸ்’, நம் மறைமலை அடிகள் சாலையில் ஓடும் பஸ்ஸின் உறவுதான். இலத்தீனில் ‘ஓம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’ என்று பொருள்.

சிப்பின் ஒரு சாமர்த்தியம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. இம்முறையில் 0 வந்தால் மின்நிலை மாறும். 1 வந்தால் மாறாது. 1 தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் மறுமுனைக்கு எண்ணிக்கை தவறிவிடும். எனவே ஆறு 1 வந்தவுடன் சிப் தானே ஒரு 0 செருகும். மறுமுனை அதை நீக்கிவிடும். ஜெபமாலையில் பத்து மணிக்கொரு தனி மணி இருப்பதுபோல!

ஊசியைச் சிறு குறடால் நிமிர்த்திப் பட்டியலை மறுபடி அச்சிட்டோம். மேரி மேரியாகவே வந்தாள். தோழிதான் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.